பிஎச்பியில் எச்டிஎம்எல்லுக்குள் சொல் தேடி மாற்றுவது: பக்கம் உடையாமல் செய்ய முழு வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007-இல் பெயர் மாறியது. பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா ஆனது. பேச்சில் பழைய பெயர் இன்னும் போகவில்லை. ஆனால் கோயில், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள், சுற்றியிருக்கும் எஸ்டேட்டுகளின் நினைவுப் பக்கங்கள் என்று இணையதளம் வைத்திருப்பவர்கள் முகவரியிலும் அழைப்பிதழிலும் புதிய பெயர் வர வேண்டும் என்று கேட்கிறார்கள், ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கையால் திருத்தினால் அது முடிகிற வேலை இல்லை. பிஎச்பியில் ஒரு சின்ன நிரல் எழுதி மாற்ற வேண்டும்.

இந்த வேலையை முடித்த பிறகு, ஊர்த் தம்பிகளும் தங்கைகளும் இதையே செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தடுமாறும் இடங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதிலும் பெரும்பாலானவை படிகளின் வரிசை மாறுவதால் வருபவை. அதனால் வரிசையாகவே படியுங்கள். ஃபங்ஷன் பெயர்களை ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன், நிரலில் அவற்றின் பகுதிகளுக்கு நடுவே கீழ்க்கோடு வரும்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

முதலில் பேக்கப். டேட்டாபேஸ் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, அது உண்மையிலேயே திரும்ப ஏறுகிறதா என்று உங்கள் சொந்தக் கணினியில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். பேக்கப் கோப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆரம்பித்து, திறந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக இருந்த கதை நிறைய. மாற்றும் வேலை முழுவதும் அந்த உள்ளூர்ப் பிரதியில்தான் நடக்க வேண்டும், நேரடித் தளத்தில் அல்ல.

அடுத்து பிஎச்பியின் பதிப்பு. 8.4 என்றால் நல்லது, 2024 நவம்பரில் வெளிவந்த அந்தப் பதிப்பில்தான் எச்டிஎம்எல் 5-ஐச் சரியாகப் புரிந்துகொள்ளும் புதிய டாம் (பக்கத்தை டேக்குகளின் மரமாகப் படித்துத் தரும் வசதி) வகுப்பு வந்தது. பழைய பதிப்பிலும் செய்யலாம், சில இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும், அதை 5-ஆம் படியில் சொல்கிறேன். டாம், பல பைட் எழுத்துகளைக் கையாளும் எம்பி ஸ்டிரிங், யூனிகோட் வேலைகளுக்கான இன்ட்டல் ஆகிய மூன்று எக்ஸ்டென்ஷன்களும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். தமிழுக்கு இன்ட்டல் மிக முக்கியம், காரணம் 3-ஆம் படியில் வரும்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் இன்னொன்று. அதன் செட்டிங்குகளும் விட்ஜெட்டுகளும் சீரியலைஸ் செய்த வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன, ஒவ்வொரு உரைக்கும் முன்னால் அது எத்தனை பைட் என்ற எண் இருக்கும். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட், பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே நீளம் இல்லை. உரையை மட்டும் மாற்றினால் எண் பொய்யாகிவிடும், அந்த செட்டிங் திறக்கவே திறக்காது. அந்த டேபிள்களைக் கையால் தொடாதீர்கள், வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரிப்ளேஸ் கட்டளை சீரியலைஸ் விஷயத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். இந்த வழிகாட்டி பதிவுகளின் உடல் உரைக்கு.

2. எதை மாற்றுவது, எதை விடுவது என்று எழுதி வையுங்கள்

நிரல் எழுதும் முன் ஒரு தாளில் இதை எழுதாதவர்கள் பிறகு இரண்டு மடங்கு வேலை செய்கிறார்கள்.

மாற்ற வேண்டியவை: வாசகர் கண்ணில் படும் உரை, படத்துக்கான ஆல்ட் விளக்கம், டைட்டில் ஆட்ரிபியூட், பக்கத் தலைப்பு, தேடுபொறிக்கான மெட்டா விளக்கம்.

தொடக்கூடாதவை: இணைப்பின் முகவரி, படக் கோப்பின் பெயர், ஐடி, கிளாஸ், ஸ்கிரிப்ட், ஸ்டைல். படக் கோப்பின் பெயரில் பழைய ஊர்ப் பெயர் இருக்கும், சர்வரில் அந்தக் கோப்பு அதே பெயரில்தான் கிடக்கிறது. எச்டிஎம்எல்லில் மட்டும் பெயரை மாற்றினால் தீமிதிப் படங்கள் அத்தனையும் உடைந்த சதுரங்களாக நிற்கும்.

மூன்றாவது வகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மாற்றவே கூடாத உரை. 1970-களில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் தன் நினைவுகளைச் சொல்லும் பக்கத்தில் அவர் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்லியிருப்பார், அவர் வாயில் புதிய பெயரைத் திணிப்பது தவறு. பழைய திருவிழா மலரிலிருந்து எடுத்த பகுதி, பழைய செய்தித்தாள் மேற்கோள் எல்லாம் இதில் சேரும். பள்ளி, கோயில், சங்கத்தின் பதிவுப் பெயரும் ஊர்ப் பெயரோடு தானாக மாறாது, அவர்களையே கேளுங்கள். இந்தப் பக்கங்களின் எண்களைப் பட்டியலாக எடுத்து வைத்து, நிரல் அவற்றைத் தாண்டிப் போகும்படி செய்யுங்கள். பக்கத்துக்குள் ஒரு பகுதி மட்டும் என்றால் அதை மேற்கோளுக்கான பிளாக்கோட் டேக்குக்குள் போட்டுவிட்டால் போதும், அந்த டேக்குக்குள் நுழையாதே என்று நிரலுக்குச் சொல்லிவிடலாம்.

கூடவே எழுத்துக்கூட்டல்களையும் சேகரியுங்கள். பெர்ஜுந்தை, பெர்ஜூந்தை, பெர்சுந்தை, பெர்ஜுந்தாய் என்று எழுதினவர் கைக்கு ஒன்று இருக்கும். ரோமன் எழுத்தில் முகவரி இருந்தால் அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு.

3. எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

"பெயர் கண்ணுக்குத் தெரியுதே அண்ணா, நிரல் ஏன் இல்லைன்னு சொல்லுது?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

யூனிகோடில் "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாக ஒரு விதம். க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஒகரக் குறிக்கும் இதே கதைதான். தேடும் சொல், தேடப்படும் பக்கம் இரண்டையும் இன்ட்டலின் நார்மலைசர் வழியாக சி வடிவத்துக்கு (என்எஃப்சி, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவம்) மாற்றிவிட்டு அப்புறம் தேடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை.

வாட்ஸ்அப்பிலிருந்தும் வேர்டிலிருந்தும் ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இடைவெளி ஒளிந்திருக்கும், அதன் குறியீடு 200பி. அதை நீக்கிவிடலாம். ஆனால் அதன் பக்கத்திலேயே இருக்கும் 200சி-யையும் சேர்த்து நீக்காதீர்கள், "க்ஷ" என்று ஒட்டிக்கொள்ளாமல் க் தனியாகவும் ஷ தனியாகவும் நிற்க அதைத்தான் போடுகிறார்கள்.

ரொம்பப் பழைய பக்கங்கள் யூனிகோடிலேயே இருக்காது. முரசு அஞ்சல் மென்பொருள் கொண்டு டிஸ்கி என்ற பழைய குறியீட்டு முறையில் தட்டச்சிட்ட பக்கம் என்றால் தமிழ் எழுத்துக்குப் பதிலாக விசித்திர ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றி முடித்த பிறகே இந்த வேலை. ஒவ்வொரு பதிவையும் எம்பி செக் என்கோடிங் மூலம் யூடிஎஃப்-8தானா என்று சோதித்து, இல்லாதவற்றைத் தனிப் பட்டியலில் தள்ளுங்கள்.

4. எளிய வழி எப்போது போதும்

பிஎச்பியின் சாதாரணத் தேடி-மாற்றும் ஃபங்ஷனான எஸ்டிஆர் ரிப்ளேஸ் தமிழில் தாராளமாக வேலை செய்யும். பைட் பைட்டாகத் தேடினாலும் யூடிஎஃப்-8-இன் அமைப்பு காரணமாக ஓர் எழுத்தின் நடுவிலிருந்து தவறாகப் பொருந்தாது. தேடும் சொல் எந்த இணைப்பிலும் கோப்புப் பெயரிலும் வர வாய்ப்பில்லை, பின்னால் உருபு எதுவும் ஒட்டாது என்றால் இதுவே போதும். ஒரு தொலைபேசி எண்ணை மாற்ற டாம் எல்லாம் தேவையில்லை. நான்காவது ஆர்கியுமென்ட்டில் எத்தனை இடம் மாறியது என்ற எண் வரும், அதைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

குட்டைச் சொற்களில் கவனம். "தோட்ட" என்று தேடினால் "தோட்டி"யிலும் பொருந்தும், ஏனென்றால் உயிர்க்குறி தனிக் குறியீடாகப் பின்னால் வருகிறது.

பல சொற்களை ஒரே நேரத்தில் மாற்ற எஸ்டிஆர் ரிப்ளேஸுக்குப் பட்டியல் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அது முதல் சொல்லை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டு, மாறிய உரையின் மேலேயே இரண்டாவது சொல்லைத் தேடும். எஸ்டிஆர்டிஆர் ஃபங்ஷனுக்குப் பட்டியல் கொடுத்தால் மிக நீளமான சொல்லை முதலில் பார்க்கும், மாற்றிய இடத்தை மறுபடி தொடாது. பட்டியல் என்றால் எஸ்டிஆர்டிஆர்தான் என்று பழகிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பெயர் விஷயத்தில் எளிய வழி போதாது. ஆகவே அடுத்த படி.

5. பக்கத்தைப் பகுத்துப் படியுங்கள்

இந்த இடத்தில் நிறையப் பேர் ரெஜெக்ஸ் (எழுத்து அமைப்பை வைத்துத் தேடும் பேட்டர்ன்) எடுத்து, கோணக்குறிக்கு வெளியே இருப்பதை மட்டும் பிடி என்று ஒரு வரி எழுதப் பார்க்கிறார்கள். சில பக்கங்களில் அது ஓடும். கமென்ட்டுக்குள்ளோ ஸ்கிரிப்ட்டுக்குள்ளோ ஆட்ரிபியூட் மதிப்புக்குள்ளோ ஒரு கோணக்குறி வந்தால் எது உள்ளே எது வெளியே என்று அதற்குத் தெரியாது. எச்டிஎம்எல்லைப் பகுத்துப் படிக்கவென்றே பார்சர் இருக்கும்போது இதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பார்சர் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில பழைய எடிட்டர்கள் தமிழை எண்ணாகச் சேமித்திருக்கும், "ப" என்பது ப என்று கிடக்கும். உரைத் தேடலுக்கு அது அகப்படாது, பார்சர் அதைத் தமிழ் எழுத்தாக்கித் தரும். ஆகவே 3-ஆம் படியின் நார்மலைஸ் வேலையை, பார்சர் தரும் ஒவ்வொரு டெக்ஸ்ட் நோடின் (டேக்குகளுக்கு நடுவே இருக்கும் வெறும் உரைத் துண்டின்) மேலும் ஒருமுறை ஓட்டுங்கள்.

8.4-இல் புதிய டாம் எச்டிஎம்எல் டாக்குமென்ட் வகுப்பின் கிரியேட் ஃப்ரம் ஸ்டிரிங் மெத்தடைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது ஆர்கியுமென்ட்டில் யூடிஎஃப்-8 என்று கொடுத்துவிட்டால் என்கோடிங் சந்தேகம் இல்லை. உங்கள் பதிவு முழுப் பக்கம் இல்லை, ஒரு துண்டுதான் என்றாலும் அது எச்டிஎம்எல், ஹெட், பாடி எல்லாம் சேர்த்து முழு ஆவணமாக்கும். திரும்ப எடுக்கும்போது பாடியின் இன்னர் எச்டிஎம்எல்லை மட்டும் எடுங்கள். முழு ஆவணத்தையும் எடுத்து டேட்டாபேஸில் போட்டால் பக்கத்துக்குள் பக்கமாக இரண்டு ஹெட் வந்து நிற்கும்.

பழைய பதிப்பில் டாம் டாக்குமென்ட்டின் லோட் எச்டிஎம்எல். இது கேரக்டர் செட் சொல்லாத துண்டை லத்தீன் எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது, தமிழ் முழுவதும் சிதைந்து வரும். உரைக்கு முன்னால் யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா கேரக்டர் செட் டேக்கை ஒட்டிக்கொடுங்கள். ஃபிகர், செக்‌ஷன் போன்ற புதிய டேக்குகளைக் கண்டால் எச்சரிக்கைகளைக் கொட்டும், லிப் எக்ஸ்எம்எல் யூஸ் இன்டர்னல் எரர்ஸை முதலிலேயே இயக்கி அவற்றைத் தனியே சேகரியுங்கள். எச்டிஎம்எல், பாடி டேக்குகளைத் தானாகச் சேர்க்காதே என்று சொல்லும் நோ இம்ப்ளைட் ஆப்ஷனைப் போடுபவர்கள் துண்டை ஒரு டிவ்வுக்குள் சுற்றாமல் விட்டால், முதல் பத்திக்குள்ளேயே மீதிப் பத்திகள் போய் உட்கார்ந்துகொள்ளும். டிவ் சுற்றுங்கள், முடிவில் அதன் உள்ளிருப்பை மட்டும் எடுங்கள்.

6. டெக்ஸ்ட் நோடுகளை மட்டும் தொடுங்கள்

டாம் மரத்துக்குள் தேடும் எக்ஸ்பாத் மூலம் எல்லா டெக்ஸ்ட் நோடுகளையும் எடுத்து ஒரு அர்ரேயில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதன் தாய் டேக்கோ அதற்கும் மேலே உள்ள எதுவோ ஸ்கிரிப்ட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஏரியா, பிளாக்கோட் என்றால் விட்டுவிடுங்கள். புதிய வகுப்பில் டேக் நேம் பெரிய எழுத்தில் வரும், அதனால் லோக்கல் நேமை ஒப்பிடுங்கள். எக்ஸ்பாத் வரிக்குள்ளேயே டேக் பெயரைச் சொல்லி வடிகட்டப் பார்த்தால் புதிய வகுப்பில் நேம்ஸ்பேஸ் காரணமாக ஒன்றும் பொருந்தாது, ஸ்கிரிப்ட்டுக்குள்ளும் மாற்றம் நடந்துவிடும். மேலே ஏறி ஏறிப் பார்க்கும் ஒரு சின்ன லூப் எழுதுவது பாதுகாப்பு.

மாற்றிய உரையை நோடின் டேட்டாவில் போட்டால், ஆம்பர்சண்ட், கோணக்குறி எல்லாவற்றையும் சேமிக்கும்போது அதுவே பாதுகாப்பான குறியீடாக மாற்றிக்கொள்ளும், அதாவது எஸ்கேப் செய்துகொள்ளும். நீங்களும் எச்டிஎம்எல் ஸ்பெஷல் கேர்ஸ் போட்டால் இரண்டு முறை எஸ்கேப் ஆகி வாசகர் கண்ணில் குப்பையாகத் தெரியும்.

ஆல்ட், டைட்டில் ஆட்ரிபியூட்டுகளைத் தனி லூப்பில் மாற்றுங்கள்.

பெயரின் பாதி தடித்த எழுத்துக்குள்ளும் மீதி வெளியேயும் இருந்தால் அது இரண்டு டெக்ஸ்ட் நோடு, எந்த ஒன்றிலும் முழுப் பெயர் இருக்காது. இதற்குப் புத்திசாலித்தனமான நிரல் எழுத ஆசை வரும், வேண்டாம். மாற்றி முடிந்த பிறகு ஒவ்வொரு பத்தியின் டெக்ஸ்ட் கன்டென்ட்டிலும் பழைய பெயர் மிச்சம் இருக்கிறதா என்று தேடி, இருக்கும் பக்கங்களைப் பட்டியலிட்டுக் கையால் திருத்துங்கள். பெரும்பாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

7. வேற்றுமை உருபைச் சரிசெய்யுங்கள்

தமிழ்ப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் முக்கியமான படி, ஆங்கில வழிகாட்டி எதிலும் இது கிடைக்காது.

பழைய பெயர் ஐகாரத்தில் முடிகிறது, உருபு சேரும்போது ய் வரும்: பெர்ஜுந்தையில், பெர்ஜுந்தையின், பெர்ஜுந்தையை. புதிய பெயர் ஆகாரத்தில் முடிகிறது, அங்கே வ் வர வேண்டும்: ஜெயாவில், ஜெயாவின், ஜெயாவை. பெயரை மட்டும் மாற்றினால் "பெஸ்தாரி ஜெயாயில்" என்று வரும். கோயில் அழைப்பிதழில் அப்படி ஒரு சொல் நிற்பதை ஊரில் யாரும் மன்னிக்க மாட்டார்கள், எனக்கும் பொறுக்காது.

ஒவ்வொரு உருபுக்கும் ஒரு வரி எழுதத் தேவையில்லை. யூனிகோடில் "யி" என்பது ய-வும் இகரக் குறியும்தான், குறியைத் தொடாமல் ய-வை மட்டும் வ-வாக மாற்றினால் "வி" ஆகிவிடும். ஆகவே மூன்றே விதிகள்: "பெர்ஜுந்தைய" என்பது "ஜெயாவ" ஆகட்டும், "பெர்ஜுந்தைக்கு" என்பது "ஜெயாவுக்கு" ஆகட்டும், தனித்து நிற்கும் "பெர்ஜுந்தை" என்பது "ஜெயா" ஆகட்டும். இந்த மூன்றும் யில், யின், யை, யும், யோடு, யிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

நீளமான விதி முதலில் ஓட வேண்டும். தனிப் பெயருக்கான விதி முந்திக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் வேலையே இருக்காது. எஸ்டிஆர்டிஆர் இதைத் தானாகச் செய்யும் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

"பெர்ஜுந்தைத் தோட்டங்கள்" என்பது போல ஒற்று மிகுந்த இடங்களையும், "பெர்ஜுந்தைக்காரர்" போன்றவற்றையும் தானாக மாற்றாமல் பட்டியலில் போடுங்கள். நிரல் அவற்றைத் தொடாமல் விட வேண்டுமானால் தனிப் பெயருக்கான விதி, பின்னால் மெய்யெழுத்து ஒட்டியிருக்கும் இடத்தில் பொருந்தக்கூடாது. அதற்கு ரெஜெக்ஸ் வேண்டும்.

8. ரெஜெக்ஸ் பயன்படுத்தும்போது

டெக்ஸ்ட் நோடுக்கு உள்ளே ரெஜெக்ஸ் தாராளமாகப் பயன்படுத்தலாம். நான் பரிந்துரைப்பது, பொருந்தும் ஒவ்வோர் இடத்திலும் நம் சொந்த ஃபங்ஷனைக் (கால்பேக்) கூப்பிட்டு மாற்று உரையைக் கேட்கும் ப்ரெக் ரிப்ளேஸ் கால்பேக். "பத்தாங்", வெற்றிடம், "பெர்ஜுந்தை", விருப்பமாக "ய" அல்லது "க்கு" என்று ஒரே பேட்டர்ன் எழுதி, எது பிடிபட்டது என்று பார்த்து மேலே சொன்ன மூன்று விதிகளில் ஒன்றை, முன்னால் "பெஸ்தாரி" சேர்த்து, கால்பேக்கில் திருப்பினால் போதும். வெற்றிடத்துக்கு வெறும் ஸ்பேஸ் போடாதீர்கள், வரி முறிவும் நோ-பிரேக் ஸ்பேஸும் அதில் அடங்க வேண்டும்.

பேட்டர்னின் முடிவில் யு என்ற மாடிஃபையர் கட்டாயம். அது இல்லாவிட்டால் ரெஜெக்ஸ் தமிழைப் பைட்டுகளாகப் பார்க்கும்.

சொல் எல்லைக்கு எல்லாரும் போடும் பின்சாய்வு-பி குறியைத் தமிழில் நம்பாதீர்கள். பிஎச்பியின் ரெஜெக்ஸை ஓட்டும் பிசிஆர்இ நூலகத்தின் பல பதிப்புகளில் அது உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை, ஒரு சொல்லின் நடுவிலேயே எல்லை இருப்பதாகச் சொல்லும். அதற்குப் பதிலாக முன்னாலும் பின்னாலும் எழுத்து வகையோ குறி வகையோ வரக்கூடாது என்று லுக்அரவுண்ட் எழுதுங்கள், யூனிகோட் வகைப் பெயர்களில் அவை எல், எம். "க்கு", "ய" விதிகளுக்குப் பின்னால் மட்டும் இந்தத் தடை வேண்டாம், அங்கே எழுத்து தொடரத்தான் செய்யும்.

தேடும் சொல் வெளியிலிருந்து வருகிறது என்றால் அதிலுள்ள சிறப்புக் குறிகளைச் சாதாரண எழுத்தாக்க ப்ரெக் கோட் போடுங்கள், இரண்டாவது ஆர்கியுமென்ட்டில் உங்கள் டிலிமிட்டரையும் (பேட்டர்னின் இரு முனையிலும் வைக்கும் குறி) சேர்த்து. மாற்று உரையில் டாலர் குறியோடு எண் வந்தால் சாதாரண ப்ரெக் ரிப்ளேஸ் அதைக் குழு எண் என்று எடுத்துக்கொள்ளும், கால்பேக்கில் அந்தச் சிக்கல் இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்: பதிவில் ஒரே ஒரு பைட் கெட்டுப்போயிருந்தாலும் யு மாடிஃபையரோடு ஓடும் ப்ரெக் ரிப்ளேஸ் வெறுமையைக் குறிக்கும் null மதிப்பைத் திருப்பும். அதைச் சோதிக்காமல் அப்படியே சேமித்தால் பதிவு காலியாகிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. திரும்பி வருவது அந்த null-தானா என்று பாருங்கள், ஆம் என்றால் ப்ரெக் லாஸ்ட் எரர் மெசேஜைப் பதிவு செய்துவிட்டு அந்தப் பதிவைத் தொடாமல் அடுத்ததற்குப் போங்கள்.

9. உரைக்குப் பதில் டேக் வைக்க வேண்டுமானால்

புதிய பெயரை இணைப்பாக மாற்ற வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். டெக்ஸ்ட் நோடில் டேக்கை எழுதினால் அது எஸ்கேப் ஆகி உரையாகவே தெரியும். ஸ்ப்ளிட் டெக்ஸ்ட் மூலம் நோடை மூன்றாகப் பிரித்து, நடுத்துண்டுக்குப் பதில் கிரியேட் எலிமென்ட்டில் உருவாக்கிய இணைப்பை வையுங்கள். எந்த இடத்தில் பிரிப்பது என்பதை எம்பி எஸ்டிஆர்பாஸ் கொண்டு கண்டுபிடியுங்கள். சாதாரண எஸ்டிஆர்பாஸ் பைட் கணக்கு சொல்லும், தமிழில் அது மூன்று மடங்கு தள்ளிப் போய் வெட்டும். ஏற்கெனவே ஓர் இணைப்புக்குள் இருக்கும் உரை என்றால் விட்டுவிடுங்கள், இணைப்புக்குள் இணைப்பு எச்டிஎம்எல்லில் செல்லாது.

10. ஒப்பிட்டுப் பார்த்து, அப்புறம் சேமியுங்கள்

முதல் ஓட்டத்தில் எதையும் சேமிக்காதீர்கள். பதிவு எண், மாறிய இடங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு இடத்திலும் முன்னும் பின்னும் சில சொற்கள், இவற்றை மட்டும் ஒரு கோப்பில் எழுதுங்கள். அந்தக் கோப்பை ஊர் தெரிந்த, தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த எஸ்டேட் பக்கத்தில் பழைய பெயர் நிற்க வேண்டும் என்பதை நிரல் எழுதியவரைவிட அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

எதுவும் மாறாத பதிவை மறுபடி சேமிக்க வேண்டாம். பார்சர் வழியாகப் போய் வந்தாலே மேற்கோள் குறிகளும் மூடாத டேக்குகளும் கொஞ்சம் மாறும், தேவையில்லாமல் நூற்றுக்கணக்கான பதிவுகளில் திருத்தத் தேதி புதிதாகிவிடும். எண்ணிக்கை சுழி என்றால் அசலை அப்படியே விடுங்கள்.

சேமிக்கும்போது, நடுவில் பிழை வந்தால் எல்லாவற்றையும் பின்வாங்கும் டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனுக்குள் செய்யுங்கள், முதலில் சில பதிவுகள், பிறகு மீதி. நிரலை இரண்டாவது முறை ஓட்டினால் மாற்றம் சுழி என்று வர வேண்டும். "பெஸ்தாரி ஜெயா, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை" என்று பழைய பெயரையும் சேர்த்து எழுதுபவர்கள் இதில் மாட்டுவார்கள், ஒவ்வொரு ஓட்டத்திலும் பெயர் நீண்டுகொண்டே போகும். அப்படி எழுத வேண்டுமென்றால் பழைய பெயருக்கு ஒரு ஸ்பேன் டேக் போட்டு, 6-ஆம் படியின் விலக்குப் பட்டியலில் அதன் கிளாஸையும் சேர்த்துவிடுங்கள்.

நேரடித் தளத்துக்கு ஏற்றிய பிறகு கேஷை அழித்துவிட்டு, முகவரிப் பக்கம், படங்கள் நிறைந்த ஒரு திருவிழாப் பக்கம், நீங்கள் விலக்கி வைத்த ஒரு நினைவுப் பக்கம் ஆகிய மூன்றையும் கைப்பேசியில் திறந்து பாருங்கள். மூன்றாவதில் பழைய பெயர் அப்படியே இருக்க வேண்டும். பேக்கப் கோப்பை உடனே அழிக்காதீர்கள், விட்டுப்போன ஒரு பக்கத்தைப் பற்றி யாராவது அடுத்த திருவிழா சமயத்தில்தான் வந்து சொல்வார்கள்.